பயணக் காப்பீடு: கொட்டை எழுத்தும் பொடி எழுத்தும்

வெளிநாட்டுப் பயணத்துக்கு டிக்கெட் விலை பார்க்க மூன்று வாரம் செலவழிக்கிறோம். ஹோட்டலுக்கு நாலு நாள். எந்த ஊரில் சாம்பார் கிடைக்கும் என்று தேட ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை. காப்பீட்டுக்கு? "விசாவுக்கு அது வேணுமாம், சேர்த்துப் போட்டுடட்டுமா சார்?" என்று ஏஜென்ட் கேட்பார், "போட்டுடுங்க" என்போம். அவ்வளவுதான். யானையை வாங்கும்போது யோசித்த நேரத்தில் கால்வாசிகூட அங்குசத்துக்கு யோசிப்பதில்லை.

நாம் வாங்குவது என்ன என்பது பாலிசிப் பத்திரத்தின் நாற்பது, ஐம்பது பக்கங்களில் இருக்கிறது. விளம்பரத்தில் இருப்பது அதிலுள்ள ஒரே ஒரு எண். அந்த ஐம்பது பக்கத்தை எந்த வரிசையில், எதைத் தேடி வாசிப்பது என்பதற்காக எழுதியதுதான் இந்தக் குறிப்பு. எந்த நிறுவனம் நல்லது என்று சொல்லப் போவதில்லை. பிரீமியமும் நிபந்தனையும் மாறிக்கொண்டே இருக்கும். கேட்க வேண்டிய கேள்விகள் பெரும்பாலும் மாறுவதில்லை.

மூன்று வகை நஷ்டம்

பயணத்தில் வரக்கூடிய நஷ்டங்களை அளவு வைத்து மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதல் வகை, குடும்பத்தின் சேமிப்பையே கரைத்துவிடக்கூடியது: வெளிநாட்டில் ஆஸ்பத்திரியில் படுப்பது, அங்கிருந்து மருத்துவ வசதியோடு விமானத்தில் ஊருக்குக் கொண்டுவருவது, இறந்துபோனால் உடலைக் கொண்டுவருவது, நம்மால் இன்னொருவருக்குக் காயம் ஏற்பட்டு அவர் வழக்குப் போடுவது.

இரண்டாவது, வலிக்கும் ஆனால் தாங்கிவிடலாம்: கிளம்புவதற்கு முன் பயணம் ரத்தாவது, பாதியில் திரும்புவது, பாஸ்போர்ட் தொலைவது.

மூன்றாவது, எரிச்சல் மட்டும்: பெட்டி ஒருநாள் தாமதம், விமானம் எட்டு மணி நேரம் தாமதம்.

காப்பீடு என்பதே நம்மால் தாங்க முடியாத நஷ்டத்தை ஒரு கூட்டத்தோடு பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு. ஆகவே காசு போக வேண்டியது முதல் வகைக்கு. ஆனால் விளம்பரங்களில் அதிகம் கண்ணில் படுவது மூன்றாவது வகைதான். காரணம் எளிது. பெட்டி தொலைந்த கதை எல்லோர் வீட்டிலும் இருக்கும். ஐசியூ கதை சில வீடுகளில்தான் இருக்கும். நமக்குத் தெரிந்த பயத்தைக் காட்டினால் விற்பது சுலபம்.

இன்னொரு ஜிகினாவும் உண்டு: விமான விபத்தில் இறந்தால் இவ்வளவு லட்சம் என்ற வரி. இதன் வயது கிட்டத்தட்ட ரயிலின் வயது. 1849-இல் லண்டனில் தொடங்கிய ரயில்வே பாசஞ்சர்ஸ் அஷ்யூரன்ஸ் கம்பெனி, ரயில் டிக்கெட்டோடு சேர்த்தே விபத்துக் காப்பீட்டை விற்றது. அந்தக் காலத்து ரயிலுக்கு அது நியாயமான பயம். இன்றைய பயணிக்கு ஆகாயத்தில் வரும் ஆபத்தைவிட, இறங்கிய பிறகு வரும் ஆபத்துகளே அதிகம்: மாரடைப்பு, வழுக்கி விழுந்து இடுப்பு முறிவு, சாலை விபத்து, நிமோனியா. பாலிசியை மதிப்பிடும்போது அந்த விமான விபத்து எண்ணை விரலால் மறைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள்.

அங்கே ஆஸ்பத்திரி எப்படி நடக்கிறது?

நம் ஊர் மெடிக்ளெய்ம் பாலிசி பொதுவாக இந்திய எல்லைக்குள் மட்டும்தான் செல்லும். உலகளாவிய பாதுகாப்பு என்று தனியாகச் சேர்த்து வாங்கியவர்கள் விதிவிலக்கு. அவர்களும் "திட்டமிட்ட சிகிச்சைக்கா, அவசரத்துக்கா" என்று பார்த்துக்கொள்ளணும்.

"அமெரிக்காவில் எமர்ஜென்சிக்குப் போனால் காசு இல்லாவிட்டாலும் பார்த்தே ஆகணுமாமே?" என்று பலர் கேட்பதுண்டு. பாதி உண்மை. 1986-இல் வந்த எம்டாலா சட்டப்படி, மெடிகேர் திட்டத்தில் உள்ள மருத்துவமனைகளின் அவசரப் பிரிவு, வருபவரின் பணவசதியைப் பார்க்காமல் பரிசோதித்து, அவசர நிலை இருந்தால் அதைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். பில் போடக் கூடாது என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. பில் பின்னாலேயே வரும்.

இங்கிலாந்தில் அவசரப் பிரிவில் பார்ப்பது யாருக்கும் இலவசம். ஆனால் உள்நோயாளியாகச் சேர்த்துவிட்டால், சுற்றுலாப் பயணியிடம் தேசியக் கட்டணத்தில் 150 சதவீதம் வரை வாங்க விதி இருக்கிறது. தாய்லாந்தின் தனியார் மருத்துவமனைகளில் தரம் நன்றாகவே இருக்கும். ஆனால் பெரிய சிகிச்சைக்கு முன் முன்பணமோ காப்பீட்டு நிறுவனத்தின் உத்தரவாதக் கடிதமோ கேட்பது வழக்கம்.

ஆக, "எவ்வளவு தொகைக்கு எடுக்கணும்?" என்ற கேள்விக்கு எல்லா நாட்டுக்கும் ஒரே பதில் கிடையாது. இதனால்தான் பாலிசிகளே ஆசியா, ஷெங்கன், அமெரிக்கா–கனடா நீங்கலாக உலகம், அமெரிக்கா–கனடா உள்பட உலகம் என்று பிரித்து விற்கப்படுகின்றன. ஒரு சின்ன எச்சரிக்கை: ஆசியா என்று போட்டிருந்தாலும் சில திட்டங்களில் ஜப்பான் அதில் கிடையாது. பட்டியலில் நாட்டின் பெயரைக் கண்ணால் பார்த்துவிடுவது நல்லது. வழியில் வேறு நாட்டில் இறங்கி ஒருநாள் தங்குவதாக இருந்தால் அதையும்.

30,000 யூரோ எங்கிருந்து வந்தது?

ஐரோப்பா போகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த எண் இது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விசா சட்டத்தொகுப்பில் (2009-இல் இயற்றியது, 810-ஆம் எண் ஒழுங்குமுறை) 15-ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். எல்லா ஷெங்கன் நாடுகளிலும் செல்ல வேண்டும். தங்கும் காலம் முழுவதையும் உள்ளடக்க வேண்டும். அவசர மருத்துவம், அவசர மருத்துவமனைச் சிகிச்சை, மருத்துவக் காரணத்துக்காகத் தாயகம் அனுப்புதல், மரணம் ஆகியவற்றை ஈடுகட்ட வேண்டும்.

இந்தச் சட்டம் யாருக்கு எழுதியது என்று பார்க்கணும். நீங்கள் அங்கே நோயில் விழுந்தால் அந்த நாட்டு மருத்துவமனைக்கு நஷ்டம் வராமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் நோக்கம். உங்கள் பெட்டியைப் பற்றியோ, ரத்தான டிக்கெட்டைப் பற்றியோ, உங்கள் சர்க்கரை நோயைப் பற்றியோ அதற்குக் கவலை கிடையாது. 2009-இல் எழுதிய 30,000 இன்றும் அதே 30,000 தான். மருத்துவச் செலவு அங்கேயே நின்றுவிடவில்லை. ஆகவே அதைக் கீழ்வரம்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 30,000-லிருந்து ஒரு லட்சத்துக்குத் தாவ ஆகும் கூடுதல் பிரீமியம் பெரும்பாலும் அதே விகிதத்தில் ஏறுவதில்லை. விலையைக் கேட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பலமுறை நுழையும் விசா வாங்குகிறவர்கள் கவனிக்க: விண்ணப்பிக்கும்போது முதல் பயணத்துக்கான காப்பீட்டைக் காட்டினால் போதும். ஆனால் அடுத்தடுத்த பயணத்துக்கும் காப்பீடு எடுக்க வேண்டும் என்பது தெரியும் என்று விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுகிறோம். இரண்டாவது பயணத்தில் தூதரகத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். எல்லையில் கேட்கலாம். அதைவிட முக்கியம், ஆஸ்பத்திரியில் கேட்பார்கள்.

கொட்டை எழுத்து எண்ணும் உள்வரம்பும்

இப்போது விஷயத்தின் மையத்துக்கு வருவோம். பாலிசியின் முதல் பக்கத்தில் "1,00,000 டாலர்" என்று இருக்கும். அது மொத்தக் கூரை. அந்தக் கூரைக்குக் கீழே ஒவ்வொரு அறைக்கும் தனிக் கூரை போட்டிருக்கலாம். அதற்குப் பெயர் உள்வரம்பு (சப்-லிமிட் என்று ஏஜென்ட் சொல்வது இதுதான்). 60 வயதைத் தாண்டியவர்களுக்கான பல திட்டங்களில் இது இருக்கிறது: அறை வாடகை ஒருநாளைக்கு இவ்வளவு, அறுவை சிகிச்சைக்கு இவ்வளவு, மயக்க மருந்து நிபுணருக்கு அறுவைக் கட்டணத்தில் கால் பங்கு, பரிசோதனைகளுக்கு இவ்வளவு.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். எண்கள் என் உதாரணத்துக்காக; கணக்கு நடக்கும் விதம்தான் முக்கியம். 66 வயது அம்மா மகன் வீட்டுக்கு அமெரிக்கா போயிருக்கிறார். குடல்வால் வீங்கி அறுவை சிகிச்சை, நான்கு நாள் ஆஸ்பத்திரி. பில் 60,000 டாலர். கையில் இருப்பது ஒரு லட்சம் டாலர் பாலிசி.

அறையும் மருந்தும்: நாளுக்கு 6,000 வீதம் 24,000. வரம்பு நாளுக்கு 1,500. கிடைப்பது 6,000.
அறுவை சிகிச்சை: 22,000. வரம்பு 9,000. கிடைப்பது 9,000.
மயக்க மருந்து: 6,000. வரம்பு, அனுமதித்த அறுவைத் தொகையில் கால் பங்கு. கிடைப்பது 2,250.
ஸ்கேன், பரிசோதனை: 8,000. வரம்பு 1,000. கிடைப்பது 1,000.

கூட்டினால் 18,250. அதில் முதல் 100 டாலர் நம் பொறுப்பு என்று நிபந்தனை இருந்தால் 18,150. மீதி 41,850 டாலர் மகன் தலையில்.

இப்போது "ஒரு லட்சம் பத்தவில்லை போலிருக்கு, இரண்டரை லட்சம் எடுத்திருக்கணும்" என்று தோன்றும். உள்வரம்புகள் அப்படியே இருந்தால் இரண்டரை லட்சத்திலும் அதே 18,150 தான் கிடைக்கும். ஐந்து லட்சத்திலும் அதுவே. பில் மொத்தக் கூரையைத் தொடவே இல்லை, அறைக் கூரையிலேயே தலை இடித்துவிட்டது. இதனால்தான் உள்வரம்பு இல்லாத 50,000 டாலர் பாலிசி, உள்வரம்பு உள்ள ஒரு லட்சம் டாலர் பாலிசியைவிட நல்லதாக இருக்க முடியும். மேலே சொன்ன அதே பில்லுக்கு உள்வரம்பு இல்லாத 50,000 பாலிசி முழு 50,000-த்தையும் கொடுத்திருக்கும்.

அமெரிக்காவிலேயே வாங்கும் பார்வையாளர் பாலிசிகளிலும் இதே பிரிவு உண்டு. ஒரு வகையில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு நிலையான தொகை, அதற்கு மேல் நம் கைக்காசு. இன்னொரு வகையில் நாம் ஏற்கும் முதல் தொகை போக, நியாயமான கட்டணத்தில் 80 அல்லது 100 சதவீதம். முதல் வகை மலிவு. பெற்றோரை அழைக்கும் பிள்ளைகள் விலையைப் பார்த்து அதை எடுத்துவிடுவது சகஜம். மேலே போட்ட கணக்கை ஒருமுறை அந்த பாலிசியின் அட்டவணையை வைத்துப் போட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரிந்துவிடும்.

முதல் தொகை (டிடக்டிபிள்) பற்றி ஒரு வார்த்தை. அது கொஞ்சம் அதிகமாக இருந்தால் பயப்பட வேண்டாம். 100 டாலர், 250 டாலர் நஷ்டம் நாம் தாங்கக்கூடியது. அதை ஏற்று, மிச்சமாகும் பிரீமியத்தில் உள்வரம்பு இல்லாத திட்டத்துக்குப் போவது புத்திசாலித்தனம்.

சர்க்கரை, பிரஷர், மற்றும் உண்மை

காப்பீட்டுத் தகராறுகளில் அடிக்கடி வருவது "முன்பே இருந்த நோய்". பயணக் காப்பீடு பொதுவாக இதை ஈடுகட்டாது. அல்லது உயிருக்கு ஆபத்தான நிலையில் மட்டும், அதுவும் ஒரு சிறு தொகை வரை ஈடுகட்டும். அமெரிக்க பாலிசிகளில் "பழைய நோயின் திடீர்த் தீவிரம்" என்று ஒரு பிரிவு இருக்கும். முன்னறிகுறி இல்லாமல் வந்திருக்க வேண்டும், பலவற்றில் 24 மணி நேரத்துக்குள் சிகிச்சைக்குப் போயிருக்க வேண்டும், வயது வரம்பு உண்டு. ஆகவே "பிரஷருக்கு கவர் இருக்கு" என்று ஏஜென்ட் சொன்னால் "எவ்வளவு தொகைக்கு, என்ன நிபந்தனையில்?" என்று கேட்டு, அந்த வரியை எழுத்தில் காட்டச் சொல்லுங்கள்.

படிவத்தில் நோயைச் சொன்னால் பிரீமியம் ஏறும், பாலிசியே கிடைக்காமலும் போகலாம். சொல்லாவிட்டால் பாலிசி சுலபமாகக் கிடைக்கும், கிளெய்ம் கிடைக்காது. இந்த இடத்தில் 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பைத் தெரிந்துகொள்வது பயன்படும்.

உறவினர் திருமணத்துக்காக 2009-இல் அமெரிக்கா போன ஒருவருக்கு, சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்திலேயே உடம்பு வியர்த்துத் தளர்ந்தது. மாரடைப்பு. ஆஞ்சியோபிளாஸ்டி செய்து மூன்று ஸ்டென்ட் வைத்தார்கள். இந்தியாவில் எடுத்த ஓவர்சீஸ் மெடிக்ளெய்ம் பாலிசி இருந்தது. அவருக்கு நீரிழிவும் மிகைக் கொழுப்பும் முன்பே இருந்தன என்று சொல்லி நிறுவனம் பணம் தர மறுத்தது. நீரிழிவை அவர் படிவத்திலேயே சொல்லியிருந்தார். ஸ்டாடின் மாத்திரை சாப்பிட்டதைச் சொல்லவில்லை என்பது நிறுவனத்தின் வாதம். தேசிய நுகர்வோர் ஆணையத்தில் அவர் தோற்றார். உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் டி.ஒய். சந்திரசூட், பி.வி. நாகரத்னா அமர்வு அவர் பக்கம் தீர்ப்பளித்தது. விண்ணப்பதாரர் சொன்ன உடல்நிலையைத் தெரிந்துகொண்டு, மதிப்பிட்டு, பாலிசி கொடுத்த பிறகு, அதே உடல்நிலையைக் காரணம் காட்டி நிறுவனம் கைவிரிக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். எதிர்பாராமல் திடீரென வரும் நோய்க்காகத்தானே ஒருவர் இந்தக் காப்பீட்டை எடுக்கிறார் என்றும் நீதிமன்றம் சுட்டிக்காட்டியது.

இதில் இரண்டு பாடம் இருக்கிறது. ஒன்று, அவரைக் காப்பாற்றியது அவர் படிவத்தில் எழுதியிருந்த நீரிழிவு. அதை மறைத்திருந்தால் வழக்கே வேறு மாதிரி போயிருக்கும். இரண்டு, 2009-இல் வந்த மாரடைப்புக்கு 2021-இல் நீதி. ஜெயித்தாலும் பன்னிரண்டு வருஷம். ஆகவே வழக்கில் ஜெயிக்கும் பாலிசி போதாது, வழக்கே வராத பாலிசி வேண்டும். எல்லா மாத்திரைகளின் பெயரையும், அது "சும்மா தடுப்புக்கு" எடுப்பதாக இருந்தாலும், எழுதிக் கொடுங்கள். ஏஜென்ட் நிரப்பினால் அனுப்பும் முன் நீங்கள் படியுங்கள். கையெழுத்து உங்களுடையது, அவருடையது இல்லை.

ஸ்கூட்டரும் மலையும்

விலக்குகள் பகுதியை முழுதாகப் படிக்கச் சோம்பலாக இருந்தால், உங்கள் பயணத்தில் நீங்கள் செய்யப்போகும் காரியங்களை மட்டும் எழுதிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடுங்கள். இரண்டு உதாரணம்.

தாய்லாந்து போனால் ஸ்கூட்டர் வாடகைக்கு எடுப்பது வழக்கம். கடைக்காரர் பல நேரம் லைசென்ஸ்கூடக் கேட்க மாட்டார். ஆனால் விபத்தானால் காப்பீட்டு நிறுவனம் கேட்கும். இந்தியாவில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கிடைக்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி ஒரு வருஷம் செல்லும். நம் லைசென்ஸில் எந்த வகை வண்டிக்கு உரிமை இருக்கிறதோ, அதற்குத்தான் அந்த அனுமதியும். காருக்கு மட்டும் லைசென்ஸ் வைத்திருப்பவர் அங்கே ஸ்கூட்டர் ஓட்டினால், அது உரிமம் இல்லாமல் ஓட்டியதுதான். ஹெல்மெட் இல்லை, ஒரு பியர் குடித்திருந்தார் என்றால் இன்னும் மோசம். போதையில் நடந்த விபத்து ஏறக்குறைய எல்லா பாலிசியிலும் விலக்கு. கை எலும்பு முறிந்த பில்லையும் நாமே கட்டி, எதிரே வந்தவரின் பில்லையும் நாமே கட்ட வேண்டிவரும்.

நேபாளம் இன்னொன்று. எவரெஸ்ட் அடிவார முகாம் 5,364 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அன்னபூர்ணா சுற்றில் வரும் தோரோங் லா கணவாய் 5,416 மீட்டர். மலையேற்றத்தை ஏற்கும் பாலிசிகளிலும் உயர வரம்பு இருக்கும். 4,000 மீட்டர் வரை செல்லும் பாலிசியை வைத்துக்கொண்டு அங்கே போவதால் என்ன பயன்? உயர நோய் வருவதே அதற்கு மேலே போகும்போதுதானே அதிகம். ஹெலிகாப்டர் மீட்பு இருக்கிறதா, அதற்கு முன்அனுமதி வேண்டுமா என்பதும் முக்கியம். சாதாரணத் தலைவலிக்குக்கூடப் பயணிகளை ஹெலிகாப்டரில் ஏற்றி காப்பீட்டு நிறுவனங்களிடம் பணம் கறக்கும் மோசடியைப் பற்றி 2018-இல் நேபாள அரசே விசாரித்தது. அதன் விளைவாக நிறுவனங்கள் கூடுதல் சந்தேகத்தோடு பார்க்கின்றன. நிஜமாகவே மூச்சுத் திணறுகிறவரும் அந்தச் சந்தேகத்தைத் தாண்டித்தான் வரணும். இந்தியர்களுக்கு இன்னொரு சிக்கல்: சில திட்டங்களின் நாடுகள் பட்டியலில் நேபாளம் இருக்கிறதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

பெட்டியும் தாமதமும்

தாங்கக்கூடிய நஷ்டங்களில் ஒரு பகுதிக்கு ஏற்கெனவே இன்னொருவர் பொறுப்பு. 1999-ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கையில் இந்தியாவும் இருக்கிறது. அதன்படி சர்வதேச விமானத்தில் பெட்டி தொலைந்தாலோ, சேதமானாலோ, தாமதமானாலோ விமான நிறுவனம் ஒரு பயணிக்கு 1,519 எஸ்டிஆர் வரை பொறுப்பு (2024 டிசம்பர் 28 முதல் உள்ள வரம்பு, சுமார் 2,000 டாலர் என்று வைத்துக்கொள்ளலாம்). ஆனால் காலக்கெடு கறாரானது: சேதம் என்றால் பெட்டி கைக்கு வந்த 7 நாளுக்குள்ளும், தாமதம் என்றால் 21 நாளுக்குள்ளும் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன் பெட்டி கவுன்டரில் புகார்ச் சீட்டு ஒன்று வாங்கிவிடுங்கள். காப்பீட்டு நிறுவனமும் முதலில் அந்தச் சீட்டைத்தான் கேட்கும்.

காப்பீட்டின் பெட்டிப் பகுதியில் நகை, பணம், லேப்டாப், கேமரா போன்றவை பெரும்பாலும் விலக்கு; துணிமணிக்கும் தேய்மானம் கழித்துத்தான் கொடுப்பார்கள். விலை உயர்ந்ததைக் கைப்பையில் வைப்பதுதான் அதற்கான சரியான காப்பீடு. பிரீமியம் கிடையாது.

பயண ரத்துக்கான காப்பீடு, பட்டியலிட்ட காரணங்களுக்கு மட்டும்: கடும் நோய், நெருங்கிய உறவினர் மரணம் போன்றவை. "மனசு மாறிவிட்டது", "ஆபீஸில் லீவு தரவில்லை" என்பதெல்லாம் பொதுவாக எடுபடாது. விசா மறுப்பும் பல பாலிசிகளில் இல்லை. சேர்த்து வாங்கினால்தான் உண்டு. நெருங்கிய உறவினர் என்றால் யார் என்பதையும் பாருங்கள். நமக்குப் பெரியப்பாவும் நெருங்கிய உறவுதான், பாலிசிக்கு அப்படி இல்லாமல் இருக்கலாம்.

இலவசமாக வருவதும் சேர்ந்து வருவதும்

டிக்கெட் வாங்கும்போது ஒரு டிக் அடித்தால் வரும் காப்பீடு, கிரெடிட் கார்டோடு வரும் காப்பீடு இரண்டும் கெட்டவை என்று சொல்ல மாட்டேன். ஆனால் டிக்கெட்டோடு வருவதில் மருத்துவப் பகுதி எவ்வளவு என்று பாருங்கள். சிலவற்றில் பெட்டியும் தாமதமும் மட்டும்தான் இருக்கும். கார்டில் வருவதற்கு அந்தக் கார்டிலேயே டிக்கெட் வாங்கியிருக்கணும், கடந்த சில மாதங்களில் இவ்வளவு செலவழித்திருக்கணும் என்று நிபந்தனைகள் இருக்கலாம். மருத்துவப் பகுதி போதாது என்றால் தனிப் பாலிசி எடுத்துத்தான் ஆகணும்.

வருஷத்துக்கு மூன்று, நான்கு முறை போகிறவர்களுக்கு ஆண்டுப் பாலிசி லாபம். ஆனால் ஒரு பயணம் 30, 45 அல்லது 60 நாளுக்கு மேல் போகக் கூடாது என்ற வரம்பு இருக்கும். பேரப்பிள்ளையைப் பார்க்க ஐந்து மாதம் போகும் பெற்றோருக்கு அது உதவாது. இந்திய பாலிசிகளைப் பொதுவாக இந்தியாவை விட்டுக் கிளம்பும் முன்பே வாங்கிவிட வேண்டும். பயணத்தை நீட்டிப்பதானால் பாலிசி முடிவதற்கு முன்பே நீட்டிக்கணும், முடிந்த மறுநாள் இல்லை.

அவசரம் வந்தால்

பாலிசி மெயிலில் இருப்பதால் யாருக்கும் பயனில்லை. பாலிசி எண், 24 மணி நேர உதவி எண், சாப்பிடும் மாத்திரைகளின் மூலப்பெயர், ஒவ்வாமை, ஊரில் ஒருவரின் போன் எண் இவற்றை ஒரே தாளில் அச்சடித்து, பர்ஸில் ஒன்றும் உடன் வருபவரிடம் ஒன்றும் இருக்கட்டும்.

உயிருக்கு ஆபத்து என்றால் முதலில் அந்த நாட்டு அவசர எண்: ஐரோப்பாவில் 112, அமெரிக்காவில் 911, தாய்லாந்தில் ஆம்புலன்ஸுக்கு 1669. அதற்குப் பிறகு, ஆனால் கூடிய சீக்கிரம், காப்பீட்டு உதவி எண். ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு சொல்லத் தாமதமானால் அதையே காரணமாக்கித் தொகையைக் குறைக்க நிபந்தனையில் இடம் இருக்கும். உயிர் ஆபத்து இல்லாத காய்ச்சல், வயிற்றுவலி என்றால் போவதற்கு முன்பே கூப்பிடுங்கள். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனால் நேரடியாகப் பணம் கட்டுவார்கள் என்று சொல்வார்கள். யாரிடம், எத்தனை மணிக்குப் பேசினீர்கள், கேஸ் எண் என்ன என்று குறித்துவையுங்கள். திரும்பும்போது டிஸ்சார்ஜ் சுருக்கம், வகைவாரியான பில், கட்டிய ரசீது, பாஸ்போர்ட்டில் முத்திரைப் பக்கங்கள், போர்டிங் பாஸ் எதையும் தூக்கிப் போட வேண்டாம்.

மறுத்துவிட்டால்? முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்தில் புகார். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ-யின் பீமா பரோசா தளத்திலும் பதியலாம். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ, ஒரு வருஷத்துக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்பட்ஸ்மேன்) போகலாம். சென்னையில் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் தேவை இல்லை, 50 லட்சம் ரூபாய் வரை அவர் உத்தரவிட முடியும். இந்தியாவில் பாலிசி வாங்குவதில் உள்ள ஒரு வசதி இது. அமெரிக்க நிறுவனத்திடம் வாங்கிய பாலிசிக்கு இந்தக் கதவு திறக்காது. அங்கத்திய முறைப்படிதான் போராட வேண்டும். பாலிசியை ஒப்பிடும்போது இதையும் தராசில் வைக்கலாம்.

வாசிக்கும் வரிசை

இவ்வளவையும் சுருக்கினால், பாலிசிப் பத்திரம் கைக்கு வந்ததும் இந்த வரிசையில் தேடலாம்: போகும் நாடும் முழு நாட்களும் இருக்கின்றனவா, மருத்துவத்துக்கு உள்வரம்பு உண்டா, முன்பே இருக்கும் நோய்க்கு என்ன நிபந்தனை, எவ்வளவு தொகை, தாயகம் கொண்டுவரும் செலவு மருத்துவத் தொகைக்குள்ளா, தனியா, நான் செய்யப்போகும் காரியம் விலக்கில் இருக்கிறதா, மூன்றாம் நபருக்கான பொறுப்பு எவ்வளவு. ஆறும் திருப்தி என்றால் பெட்டி, தாமதம், ரத்து பக்கங்களுக்குப் போகலாம். ஆறில் ஒன்று இடித்தாலும் அடுத்த பாலிசியை எடுங்கள்.

ஒரு மணி நேர வேலைதான். வயதான பெற்றோருக்காக வாங்குவதாக இருந்தால், அந்த ஒரு மணி நேரத்தில் அவர்களையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். என்ன மாத்திரை, எத்தனை வருஷமாக என்பது அவர்களுக்குத்தான் சரியாகத் தெரியும்.